அந்தக் குளிசையைப் போடுவதற்கு முன்

ராசா,

முதுகு ஒப்பரேஷன் அடுத்த கிழமை என்று டிலானி சொன்னாள். முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது நோவுக்கு மோர்ஃபின் குளிசை தருவார்களாம். அந்தப் பெட்டியைத் திறப்பதற்கு முன் இதை ஒருமுறை முழுவதும் வாசித்துவிடு. போனில் சொல்லத்தான் நினைத்தேன். முதல்முறை எடுத்தபோது பாரிஸில் குளிரா என்று கேட்டுவிட்டு வைத்தேன். அடுத்தமுறை பேத்தி சாப்பிட்டாளா என்று கேட்டேன். மீன் ஏலத்தில் எந்த வியாபாரியின் வாயையும் அடைக்கக்கூடிய உன் அம்மாவுக்கு, சொந்த மகனிடம் ஒரு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். எழுத்து பிசகினாலும் பரவாயில்லை, விஷயம் பிசகக்கூடாது.

போன கிழமை டிலானி போன் எடுத்திருந்தாள். நான் குசினியில் விளைமீனுக்குச் செதில் தட்டிக்கொண்டிருந்தேன். "மாமி, இஞ்ச டொக்டர் கனக்கக் கேள்வி கேக்கிறார். இவர் குடிக்கிறவரோ, நித்திரைக் குளிசை போடுறவரோ, குடும்பத்தில ஆரும் குடிக்கு அடிமையாய் இருந்தவையோ எண்டு. இவர் எல்லாத்துக்கும் இல்லையெண்டு சொல்லிப்போட்டார். மாமாவைப் பற்றி எனக்குத் தெரியாதுதானே, அதுதான் உங்களிட்டக் கேக்கிறன்" என்றாள். "எங்கட குடும்பத்தில அப்பிடி ஒருத்தரும் இல்லைப் பிள்ளை" என்றேன். அவள் விடவில்லை. "அப்ப மாமாவுக்கு இந்த மோர்ஃபின் ஒத்துவரேல்லை எண்டு சொன்னீங்கள், அது அலர்ஜியோ?" என்று கேட்டாள். "ஓம், அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். போனைத் தோளில் இடுக்கியபடி மீனைத் தட்டிக்கொண்டே சொன்னேன். கை ஒரு கணமும் நிற்கவில்லை. அவ்வளவு பழக்கம் எனக்கு. மீனைக் கழுவி உப்புப் போட்ட பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று விளங்கி, அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

உன் அப்பா குடித்தவர். இதை எழுத இந்த வயது வரைக்கும் பொறுத்திருக்கிறேன் பார். உனக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆனால் எங்கள் வீட்டில் அதை அந்தப் பெயரால் யாரும் சொன்னதில்லை. கடலால் வந்து மீனை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு வலை வைக்கிற வாடிக் கொட்டிலுக்குள் போனாரென்றால் "அப்பாவுக்குக் களை." கோயில் கூட்டத்துக்குப் போக முடியாமல் கிடந்தால் "அப்பாவுக்குக் காய்ச்சல்." அவர் தெருவில் விழவில்லை, எங்களை அடிக்கவில்லை, ஆகவே அவர் குடிகாரர் இல்லை என்பது என் கணக்கு. ஒருமுறை பங்குச் சுவாமி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, கோயில் மூப்பர் எங்கே என்று அப்பாவைக் கேட்டபோது, நீ சின்னவன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் "அப்பாவுக்குக் காய்ச்சல் சுவாமி" என்று சொன்னாய். அன்று மத்தியானம் உன் சோற்றுக் கோப்பையில் பொரித்த மீன் ஒரு துண்டு கூடுதலாக வைத்தேன். கெட்டிக்காரன் என்று தலையைத் தடவினேன். இன்று பாரிஸில் ஒரு டொக்டருக்கு முன்னால் நீ "இல்லை" என்று சொன்னாய் என்றால், அந்த வித்தையைச் சொல்லித்தந்தது யார் என்று எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு வாயில் புண் வந்து அது புற்று என்று சொன்ன காலத்தில் நீ அங்கே விசாப் பிரச்சினையில் இருந்தாய், வர ஏலாமல் போய்விட்டது. அதே காலத்தில்தான் உனக்கு டிலானியைப் பேசிக்கொண்டிருந்தோம். அவளுடைய மாமன் ஒருவர் குடித்துக் குடித்தே செத்தவர். அதனால் அந்த வீட்டார் சீதனத்தைப் பற்றி வாய் திறக்கும் முன்பே கேட்ட கேள்வி, மாப்பிள்ளையின் தகப்பன் குடிப்பாரா என்பதுதான். தொட்டும் பார்க்கமாட்டார் என்று சொல்லியிருந்தேன். போதாததற்கு அது தவக்காலம். எங்கள் கரையில் விபூதிப் புதனன்று குடிக்கிற ஆண்கள் எல்லாரும் அந்தோனியாரின் சுரூபத்துக்கு முன் போய், உயிர்த்த ஞாயிறு வரைக்கும் தொடமாட்டோம் என்று நேர்ந்துகொள்வது உனக்கு நினைவிருக்கும். மூப்பர் என்றபடியால் அப்பாதான் முன்னால் நின்று அந்த வாக்கைச் சொல்லிக்கொடுத்தார். மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அவரால் மட்டும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. வாடியில் பழைய வலைக் குவியலுக்குள் போத்தல் இருந்தது. எனக்கு அது தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த நாட்களில் ஒரு கிளினிக்கில்தான் அவருக்கு மோர்ஃபின் எழுதினார்கள். தீவிலிருந்து காலை பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் அங்கே ஒரே வாங்கில்தான் வரிசையாக இருப்போம். கதவு என்று ஒன்று இல்லை, ஒரு திரைச்சேலை மட்டும். அன்று வாங்கில் எங்களுக்கு அடுத்ததாக நாரந்தனையிலிருந்து வந்த றீற்றா இருந்தாள், டிலானியின் பெரியம்மா. டொக்டர் பொறுமையான மனுசன். "அம்மா, இது கடுமையான மருந்து. ஐயா குடிக்கிறவரோ? இருந்தாச் சொல்லுங்கோ, நான் ஏசமாட்டன். அதுக்கேற்ற மாதிரி மருந்தைப் பாத்துக் குடுக்கவேணும், அவ்வளவுதான்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் திரைச்சேலையைப் பார்த்தேன். "ஐயோ இல்லை டொக்டர், இவர் கோயில் மூப்பர்" என்று, றீற்றாவுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரத்தே சொன்னேன். அவர் எழுதினார். பிறகு எல்லாம் விளங்கப்படுத்தினார். சொன்ன நேரத்துக்குத்தான் போடவேண்டும், நோ கூடினாலும் நாமாகக் கூட்டிப் போடக்கூடாது. குளிசை மெல்ல மெல்லக் கரைகிற வகை, உடைக்கவோ சப்பவோ அரைக்கவோ கூடாது. விழுங்க ஏலாமல் வந்தால் வாருங்கள், பாணி மருந்தாக மாற்றித் தரலாம் என்றார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். என் காது முழுக்கத் திரைக்கு அப்பால் வாங்கிலிருந்த றீற்றாவிடம் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் இருந்தார். பண்ணைப் பாலத்தைக் கடக்கும்போது மெல்லச் சொன்னார்: "இஞ்சேரும், நல்லாச் சமாளிச்சனீர்." எனக்குப் பெருமையாக இருந்தது மகன்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. காலைப் பூசை முடிந்ததும் ஆட்கள் வந்து அவரை வாடிக்குக் கூட்டிப்போனார்கள். நேர்த்தி முடிந்துவிட்டதாம், இனிக் குற்றமில்லையாம். மத்தியானம் திரும்பி வந்தபோது சாராயம் மணத்தது. வாய்ப்புண்ணில் சாராயம் பட்டு நோவில் துடித்துக்கொண்டிருந்தார். காலையில் ஒரு குளிசை போட்டிருந்தார், மற்றது இரவுக்கு. அன்று பின்னேரம் டிலானி வீட்டார் கலியாணப் பேச்சை முடிவாக்க வருவதாக இருந்தது. ஆட்கள் வரும் நேரத்தில் இவர் கத்திக்கொண்டு கிடந்தால் என்ன செய்வது என்ற நினைப்பில் இரவுக் குளிசையை அப்போதே எடுத்தேன். விழுங்க முடியவில்லை. தம்ளரின் அடியால் நசித்து, கஞ்சியில் கரைத்துப் பருக்கினேன். டொக்டர் சொன்ன ஒவ்வொன்றையும், சொல்லிவைத்தது போல மாறிச் செய்தேன். கொஞ்ச நேரத்தில் சாய்மனைக் கதிரையிலேயே அயர்ந்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது. இழுத்துக் கட்டிலில் கிடத்தி, சேட்டிலும் தலையணையிலும் ஓடிக்கொலோன் அள்ளித் தெளித்து, அறைக் கதவைச் சாத்தினேன்.

வந்தவர்கள் முன் அறையில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் களை, படுத்திருக்கிறார் என்றேன். உள்ளே ஒரு குறட்டை கேட்டது, வழக்கமான குறட்டை இல்லை, தொண்டைக்குள் தண்ணீர் நிற்பது போல. பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு இழுப்பு. தேத்தண்ணி எடுக்கிற சாட்டில் உள்ளே போய்ப் பார்த்தேன். தட்டினேன், கிள்ளினேன், எழும்பவில்லை. வெறி என்றுதான் நினைத்தேன். வெறிக்குச் செய்வது போல உச்சியில் தேசிக்காய்ப் புளி தேய்த்தேன். உதடு கறுத்திருந்ததைக் கண்டேன் மகன். கண்டுவிட்டு, அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, திரும்பவும் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று கேட்டேன். நான் செய்தவற்றில் எதை மறந்தாலும் அந்தக் கேள்வியை மறக்க மாட்டேன். அவர்களோடு வந்திருந்த றீற்றாதான் நோயாளியை ஒருக்காப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று எழும்பினாள். தடுத்தேன். அவள் என் கையை விலக்கிவிட்டு உள்ளே போனாள். அடுத்த நிமிஷம் கத்தினாள்: "அக்கா, இது நித்திரையில்லை, இவருக்கு மூச்சு வருகுதில்லை!"

ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் இன்னொரு டொக்டர், இளம் பிள்ளை, கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். கண்மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. "குடிச்சவரோ?" என்று கேட்டார். பக்கத்தில் றீற்றா நின்றாள். "இல்லை" என்றேன். கட்டில்மேல் உயிர் போய்க்கொண்டிருக்கிறது, நான் இல்லை என்கிறேன். நர்ஸ் குனிந்து அவருடைய வாயருகே மணந்து பார்த்துவிட்டு, என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு டொக்டரிடம் போய் ஏதோ சொன்னாள். மருந்தை முறிக்கும் ஊசி போட்டார்கள். கண் விழித்தார். விழித்ததும் நோவில் கத்தினார், அந்த ஊசி மருந்து தந்த சுகத்தையும் சேர்த்து முறித்துவிட்டது. பெரிய வெள்ளியன்று கோயிலில் பாடுகளின் வாசகத்தில் ஆண்டவரைத் தெரியாதென்று சீடர் மூன்றுதரம் மறுதலித்துச் சேவல் கூவுகிற இடத்தில் நான் ஏன் எழும்பி வெளியே போனேன் என்று, இங்கே வந்து நின்றபோது நீ ஒருமுறை கேட்டாய். வெக்கை என்றேன். அதுவும் பொய்தான்.

அந்த மருந்து அவருக்கு ஒத்துவரவில்லை என்று ஊருக்குச் சொன்னேன், உனக்கும் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் மருந்தைத் திட்டினார்கள். மருந்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அதன் பிறகு நடந்ததுதான் அதிலும் கேவலம். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பாணி மருந்தாக மாற்றித் தந்தார்கள், நான் அதைச் சொன்ன அளவில் பாதிகூடக் கொடுக்கவில்லை. கிளினிக்கில் நோ எப்படி என்று கேட்டால், பரவாயில்லை டொக்டர் என்பேன். ஏன் பயம் என்று சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டி வருமே. வீட்டில் அவர் துவாயை வாய்க்குள் வைத்து முனகிக்கொண்டு கிடந்தார். குடியை அவரே விட்டுவிட்டார், வாடிப்பக்கம் போகவேயில்லை. ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இஞ்சேரும், நான் குடிச்சனான் எண்டு அந்த டொக்டரிட்ட ஒருக்காச் சொல்லிவிடும். அவர் ஏசமாட்டார். மருந்தைச் சரியாப் பாத்துத் தருவார். ஏலாமல் கிடக்கு" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மகன்ர கலியாணம் முடியட்டும்" என்றேன். அவர் அதற்குப் பிறகு கேட்கவேயில்லை. நீ அங்கே கோயிலில் கலியாணம் கட்டியபோது போனில் பார்த்தார். சிரித்தார் என்று உனக்குச் சொன்னேன். சிரிக்கவில்லை ராசா, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த மாரியிலேயே போய்விட்டார்.

டிலானியோடு பேசிய பிறகு எனக்கு நித்திரையில்லை. முந்தாநாள் காலை பஸ் எடுத்து நாரந்தனைக்குப் போனேன். றீற்றா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருக்கச் சொல்லிக் கதிரை போட்டாள். நான் இருக்கவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கலியாணப் பேச்சில் சொன்ன பொய்யிலிருந்து தேத்தண்ணிச் சீனி வரைக்கும். அவள் மிளகாயைக் கிளறிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "எனக்கு அண்டைக்கே தெரியும் அக்கா" என்றாள். "குடிச்சுச் செத்த என்ர தம்பியைக் கழுவித் துடைச்சனான் நான். ஓடிக்கொலோனுக்குக் கீழ என்ன மணக்கும் எண்டு எனக்குத் தெரியாதோ?"

"அப்ப ஏன் பேச்சை நிப்பாட்டேல்லை?" என்று கேட்டேன். "பெடியன் நல்லவன். தகப்பன் குடிச்சதுக்கு அவன் என்ன செய்வான்? நீங்கள் வந்து சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இவ்வளவு காலம் எடுப்பீங்கள் எண்டு நினைக்கேல்லை" என்றாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஏசவில்லை, தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். தெரிந்திருந்த ஒருத்திக்கு மறைப்பதற்காக உன் அப்பாவை நோவில் கிடக்க விட்டிருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது முந்தானையை வாயில் வைத்து அழுதேன், பக்கத்திலிருந்த பிள்ளை தண்ணிப் போத்தலை நீட்டினாள். "டிலானிக்கு நான் சொல்லமாட்டன், அது உங்கட வேலை" என்று றீற்றா சொல்லித்தான் அனுப்பினாள்.

இனி உன்னுடைய விஷயத்துக்கு வருகிறேன். நீ குடிக்கிறாய். கோபப்படாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வரும்போது மேசை தெரியாமல் போனை உயர்த்தி முகத்தை மட்டும் காட்டுகிறாய். எந்தப் பக்கம் பிடித்தால் போத்தல் மறையும் என்று எனக்கா தெரியாது? இரவு வேலைக்குப் பிறகு நித்திரை வராமல் கூட்டாளி ஒருவன் தந்த குளிசை போடுவதாக நீயே ஒருமுறை வாய் தவறிச் சொன்னாய். போனமுறை இங்கே வந்து நின்றபோது நீ விட்ட குறட்டையில் இடைக்கிடை மூச்சு நின்றதையும் கேட்டேன். சாராயம், நித்திரைக் குளிசை, மோர்ஃபின், இவை ஒவ்வொன்றும் மூச்சை மந்தமாக்கும். சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். தகப்பன் குடித்தவர் என்றால் பிள்ளைக்கு இந்த மருந்தும் இலகுவில் பழகிவிடக்கூடும் என்பதால்தான் அவர்கள் குடும்பத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். கேவலப்படுத்தக் கேட்கவில்லை.

குளிசையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பாவைப் போல நோவில் கிடவாதே. போடு, ஆனால் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் போடு. நோ அடங்கவில்லை என்றால் அவர்களுக்குப் போன் அடித்துக் கேள், நீயாகக் கூட்டாதே, நசிக்காதே. அந்த நாட்களில் ஒரு சொட்டும் தொடாதே. ஆனால் நெடுநாள் குடித்தவன் திடீரென்று விட்டாலும் ஆபத்து வருமாம், அதற்காகவும் முன்கூட்டியே சொல்லவேண்டும். அந்த நித்திரைக் குளிசையையும் கொண்டுபோய்க் காட்டு. கார் ஓட்டாதே. மலச்சிக்கல் வரும், வெட்கப்படாமல் அதற்கும் மருந்து கேள். பெட்டியைப் பேத்திக்கு எட்டாமல் அலுமாரியில் வைத்துப் பூட்டு, அவள் போனமுறை வீடியோவில் டிலானியின் கைப்பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்த்தவள். வேலை செய்யும் இடத்தில் யாருக்காவது முதுகு நோவென்று ஒன்று எடுத்துக் கொடுக்காதே, மிஞ்சினால் ஃபார்மசியிலேயே திருப்பிக் கொடு. தட்டியும் எழும்பாமல் கிடந்தால், மூச்சு இழுத்து இழுத்து நின்றால், உதடு கறுத்தால், உடனே ஆம்புலன்ஸுக்கு அடிக்கவேண்டும் என்று டிலானிக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவளுக்கு எப்படித் தெரியும், நீ என்ன குடித்தாய் என்பதே தெரியாவிட்டால்?

ஆகவே இந்தக் கடிதத்தை மறைத்து வைக்காதே. டிலானியைப் பக்கத்தில் இருத்தி, முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டு. அவள் என்னோடு கதைக்காமல் விட்டால் அது எனக்குத் தகும். மாமி பொய் சொன்னவள் என்று அவளுடைய ஆட்கள் முழுக்கச் சொல்லட்டும். நீ உயிரோடு இருந்து அதைக் கேட்டால் போதும்.

பிறகு இருவரும் ஒன்றாக அந்த டொக்டரிடம் போங்கள். முன்பு சொன்னது பிழை என்று சொல்லுங்கள். அவர் திரும்பவும் கேட்பார். தகப்பன் குடித்தவரா என்று கேட்டால், ஓம் என்று சொல். நீ குடிக்கிறவனா என்று கேட்டால், அதற்கும் ஓம் என்று சொல். உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது அந்த ஒரு சொல்லைத்தான்.

அம்மா